எட்டு மணி நேரமும் ஏழு கையெழுத்தும்

மே மாத இதழுக்காகத் தொழிலாளர் உரிமை, தொழிற்சங்கம் ஆகியவை பற்றி வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்தவற்றுள் எட்டைத் தேர்ந்து, தொழிற்சங்கப் பணியில் நீண்டகாலம் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் கொடுத்துப் பதில் பெற்றிருக்கிறோம். கேட்டவர்களுக்குப் பணியிடத்தில் இடையூறு நேரக்கூடாது என்பதால் பெயர்களைத் தவிர்த்து, தொழிலையும் ஊரையும் மட்டும் தருகிறோம்.

மே தினம் அமெரிக்காவில் பிறந்தது. அதை நாம் ஏன் கொண்டாட வேண்டும்? தொழிலாளர் போராட்டத்தில் நமக்கென்று ஒரு வரலாறு இல்லையா?
(கல்லூரி மாணவர், மதுரை)

இருக்கிறது. அதைப் பாடநூல்கள் இன்னும் விரிவாகச் சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

மே தினத்தின் வேர் சிகாகோவில் இருப்பது உண்மைதான். 1886 மே 1 அன்று எட்டு மணி நேர வேலை கேட்டு அமெரிக்க நகரங்களில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். மே 4 அன்று ஹேமார்க்கெட் சதுக்கத்தில் நடந்த கூட்டத்தின் முடிவில் குண்டு வீசப்பட்டது. வீசியவர் யார் என்பது நிறுவப்படாமலேயே எட்டுப் பேர் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் பார்சன்ஸ், ஸ்பைஸ், பிஷர், எங்கல் ஆகிய நால்வர் 1887 நவம்பர் 11 அன்று தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் கேட்ட எட்டு மணி நேரம் உலகம் முழுவதற்குமான கோரிக்கையாக இருந்ததால்தான் அந்த நாள் எல்லா நாட்டுக்கும் பொதுவாயிற்று.

நம் மண்ணின் கதை 1908-இல் தூத்துக்குடியில் தொடங்குகிறது. ஹார்வி நிறுவனத்தின் நிருவாகத்தில் இருந்த கோரல் நூற்பாலையில் தொழிலாளர்கள் பிப்ரவரி 27 அன்று வேலைக்குச் செல்ல மறுத்தனர். அவர்கள் கேட்டவை கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, வார விடுமுறை ஆகியவையே. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றனர். என்னை மிகவும் ஈர்ப்பது, ஊர் நடந்துகொண்ட விதம். வேலைநிறுத்தம் செய்தவர்களின் வீட்டில் அடுப்பெரிய ஊரார் பணம் திரட்டினர். சவரத் தொழிலாளர்கள் ஆலை நிருவாகத்தின் பக்கம் நின்றவர்களுக்குச் சவரம் செய்ய மறுத்தனர். ஒன்பது நாள்களில் நிருவாகம் இறங்கி வந்தது. அந்த வெற்றியின் ஈரம் காய்வதற்குள், மார்ச் 12 அன்று வ.உ.சி. கைது செய்யப்பட்டார். கப்பலோட்டிய தமிழராக அவரை நினைக்கும் நாம், ஆலைத் தொழிலாளியின் கூலிக்காக நின்றவராகவும் நினைக்க வேண்டும்.

மே தினத்தையே எடுத்துக்கொண்டாலும், 1923 மே 1 அன்று சென்னையில் ம.சிங்காரவேலர் இரண்டு இடங்களில் கூட்டம் நடத்திச் செங்கொடி ஏற்றினார். இந்தியாவில் அந்த நாள் கொண்டாடப்பட்டது அதுவே முதன்முறை. மெரினாவில் தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959 முதல் நிற்கிறது. அங்கே போகும்போது படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடற்கரையில்தான் இந்திய மே தினம் பிறந்தது என்பதையும் உடன் வந்தவர்களுக்குச் சொல்லுங்கள்.

என் தாத்தா பெரம்பூர் பின்னி ஆலையில் வேலை பார்த்தவர். ‘இந்தியாவின் முதல் சங்கம் எங்களுடையது’ என்று அடிக்கடி சொல்வார். அது உண்மையா?
(வங்கி ஊழியர், சென்னை)

உங்கள் தாத்தா சொன்னதில் மிகை இல்லை. 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கமே, உறுப்பினர் பட்டியலும் சந்தாவும் நிருவாகிகளும் கொண்டு முறையாக அமைந்த முதல் இந்தியத் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் பரவலாக ஏற்கின்றனர். அதற்கு முன்பும் வேலைநிறுத்தங்கள் நடந்தன, தொழிலாளர் நல அமைப்புகளும் இருந்தன. ஆனால் போராட்டம் முடிந்த பிறகும் கலையாமல் நிற்கும் அமைப்பாக எழுந்தது இதுதான்.

அது தொடங்கிய இடம் அரசியல் மேடை அன்று. பெரம்பூர்ப் பகுதியில் கோ.செல்வபதி செட்டியாரும் கோ.இராமாநுஜலு நாயுடுவும் வேங்கடேச குணாமிர்தவர்ஷிணி சபை என்ற பக்திச் சபையை நடத்திவந்தனர். பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளின் தொழிலாளர்கள் சமயச் சொற்பொழிவு கேட்க அங்கே வருவார்கள். வந்த இடத்தில் ஆலையில் பட்ட அடியையும், வசவையும், அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடவேண்டியிருந்த குறுகிய உணவு இடைவேளையையும் பற்றிப் பேசிக்கொள்வார்கள். அந்தக் குறைகளைக் காதுகொடுத்துக் கேட்ட இருவரும், அன்னி பெசன்ட் அம்மையாருடன் பணியாற்றிவந்த பி.பி.வாடியாவை அணுகினர். வாடியா தலைவரானார், ‘தேசபக்தன்’ ஆசிரியராக இருந்த திரு.வி.கல்யாணசுந்தரனாரும் சங்கத்தின் முன்னணிக்கு வந்தார்.

ஆங்கிலத்தில் அம்மையாரின் ஏட்டில் எழுதிவந்த பார்சிக்காரரான வாடியா பேச, அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவர் நிற்க, நாள் முழுதும் தறியோசையில் செவி மங்கியவர்கள் மண்தரையில் அமர்ந்து கேட்ட காட்சியை நான் பலமுறை மனத்தில் பார்த்திருக்கிறேன். பின்னர் திரு.வி.க. நேரே தமிழில் பேசத் தொடங்கியபோது, தொழிலாளியின் உரிமைக்கென்று நம் மொழியில் ஒரு நடையே உருவாயிற்று. இன்று நாம் எளிதாகச் சொல்லும் பல சொற்கள் அப்படிப்பட்ட மேடைகளில் புழங்கிப் பழகியவை.

அடுத்து வந்தது சட்டத்தின் அடி. 1920-இல் ஆலையில் தகராறு முற்றியபோது, நிருவாகம் வாடியா உள்ளிட்டோர்மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தூண்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. சமரசத்தில் வழக்கு முடிந்தபோது வாடியா சங்கப் பணியிலிருந்து விலக வேண்டியதாயிற்று. வேலைக்குப் போகாதீர்கள் என்று சொல்வதே ஒருவரை நட்ட ஈட்டுக் கடனில் ஆழ்த்தக்கூடிய குற்றமாக அன்று இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். இந்த வழக்கு நாட்டை உலுக்கியது. மறு ஆண்டே தொழிற்சங்கத் தலைவர் என்.எம்.ஜோஷி மத்தியச் சட்டசபையில் தொழிற்சங்கங்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அதன் விளைவே 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். பதிவுபெற்ற சங்கத்தின் நிருவாகிகளை, தொழில் தகராறின்போது செய்த இத்தகைய செயலுக்காக உரிமையியல் வழக்கில் இழுக்க முடியாது என்ற காப்பு அப்போதுதான் கிடைத்தது. இந்தியா முழுவதிலும் சங்கம் நடத்துகிற ஒவ்வொருவரும் பெரம்பூருக்குக் கடன்பட்டவர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

1921-இல் நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல மாதங்கள் நீடித்த அந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களுள் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் சாதிக் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, வேலைநிறுத்தம் தோற்றது. திரும்பியவர்களைக் கருங்காலிகள் என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்குவதை நான் ஏற்க மாட்டேன். கையிருப்பு என்று ஒரு படி அரிசியும் இல்லாதவர்கள் அவர்கள். ஊரில் தங்களைத் தொடாதவர்கள் ஆலை வாசலில் மட்டும் தோழமை கேட்டபோது அவர்களுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. ஆதிதிராவிடர் தலைவரான எம்.சி.ராஜா போன்றோர் அவர்களுக்காகப் பேசியதில் நியாயம் இருந்தது. அந்த நம்பிக்கையை முன்கூட்டியே ஈட்டாதது சங்கத்தின் பிழை; பிளவைப் பயன்படுத்திக்கொண்டது நிருவாகத்தின் தந்திரம்.

ஆலை 1996-இல் மூடப்பட்டது. உங்கள் தாத்தாவின் சங்க ரசீதோ அடையாள அட்டையோ வீட்டுப் பெட்டியில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

எங்கள் ஆலையில் பன்னிரண்டு மணி நேரம் பார்த்தால் கூடுதல் பணம் கிடைக்கிறது. எனக்கும் பணம் தேவைப்படுகிறது. இதில் சங்கத்தினர் குறை காண்பது ஏன்?
(ஒப்பந்தத் தொழிலாளி, ஸ்ரீபெரும்புதூர்)

உங்கள் தேவையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஊரில் கடன் இருக்கும், தங்கைக்குக் கல்யாணம் இருக்கும். ஆயினும் இரண்டு செய்திகளைச் சொல்கிறேன்.

முதலாவது கணக்கு. தொழிற்சாலைச் சட்டம் வகுத்த நெறிப்படி மிகைநேர வேலைக்கு இருமடங்கு ஊதியம் தரப்பட வேண்டும். உங்கள் சம்பளச் சீட்டை எடுத்து, மிகைநேரத்துக்கு எந்த விகிதத்தில் தந்திருக்கிறார்கள் என்று வகுத்துப் பாருங்கள். ஒற்றை விகிதத்தில் தந்திருந்தால், கூடுதல் பணம் என்று நீங்கள் நினைப்பது உங்களுக்குச் சேரவேண்டியதில் பாதிதான்.

இரண்டாவது, அந்த நேர வரம்பு வந்த வழி. 1911-ஆம் ஆண்டின் சட்டம் பஞ்சாலையில் ஆண்களுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அப்போது அதுவே சலுகையாகக் கருதப்பட்டது. 1922-இல் நாளுக்குப் பதினொன்று, வாரத்துக்கு 60 என்றாயிற்று. 1934-இல் பத்தும் 54-உம் ஆயின. அம்பேத்கர் வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்த காலத்தில் எடுக்கப்பட்ட முயற்சிகளின் தொடர்ச்சியாக 1946-இல் வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு வந்தது. பன்னிரண்டிலிருந்து இறங்க முப்பத்தைந்து ஆண்டுகளும், கணக்கற்ற வேலைநிறுத்தங்களும், எத்தனையோ பேரின் வேலையிழப்பும் தேவைப்பட்டன.

ஏறிச் செல்வதற்கு ஒரு நாள் போதும் என்பதையும் நாம் பார்த்தோம். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில், வேலை நேர வரம்புகளைத் தளர்த்திப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நிறைவேறியது. எல்லாக் கொடியின் கீழும் இருந்த தொழிற்சங்கங்கள் ஒரே குரலில் எதிர்த்தன. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. சில நாள்களில் அது நிறுத்திவைக்கப்பட்டு, மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அரசு செவிசாய்த்தது பாராட்டுக்கு உரியது. செவிசாய்க்கும்படி பேச அன்று சங்கங்கள் இருந்தன என்பதையும் அதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

உங்கள் உண்மையான தேவை நான்கு மணி நேரம் கூடுதல் வேலை அன்று. எட்டு மணி நேரத்திலேயே குடும்பம் நடத்தப் போதுமான ஊதியம். அதை ஒருவர் தனியாகப் போய்க் கேட்டால் வாசலைக் காட்டுவார்கள்.

நான் பின்னலாடை ஆலையில் தையல் வேலை செய்கிறேன். சூப்பர்வைசரின் பேச்சும் பார்வையும் தாங்க முடியவில்லை. சங்கத்தில் சேரலாம் என்றால் பயமாக இருக்கிறது; அங்கேயும் ஆண்கள்தான் இருக்கிறார்கள்.
(தையல் தொழிலாளி, திண்டுக்கல் மாவட்டம்)

அம்மா, உங்கள் மாவட்டத்திலேயே இதற்கு விடை எழுதப்பட்டிருக்கிறது.

2021 சனவரியில் திண்டுக்கல் பகுதி ஆலையொன்றில் பணிபுரிந்த இளம் தலித் பெண், தொடர்ந்து தொல்லை கொடுத்துவந்த மேற்பார்வையாளரால் கொலை செய்யப்பட்டார். அந்தத் துயரத்தை ஒரு நாள் செய்தியாக முடியவிடாமல் எடுத்துச் சென்றது, தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் டி.டி.சி.யூ. என்ற தொழிற்சங்கம். ஆசிய அளவிலும் அமெரிக்காவிலும் இருந்த தொழிலாளர் அமைப்புகளின் துணையோடு அது ஆலை நிருவாகத்துடன் பேசியது. அங்கே ஆடை வாங்கிய எச் அண்ட் எம் நிறுவனத்துடனும் பேசியது. 2022 ஏப்ரலில் கையெழுத்தானதே திண்டுக்கல் ஒப்பந்தம். விரும்பினால் பின்பற்றலாம் என்ற அறிவுரைப் பட்டியல்களிலிருந்து அது அடிப்படையில் வேறுபட்டது. மீறினால் வணிக விளைவு உண்டு என்று எழுதிக் கையெழுத்திட்ட, கட்டுப்படுத்தும் ஆவணம் அது. பாலியல் தொல்லை மட்டுமல்லாமல் சாதிப் பாகுபாடும் அதில் இடம்பெற்றது. ஏறத்தாழ 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்ற விகிதத்தில் பெண் தொழிலாளர்களே கண்காணிப்பாளர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்றார்கள். தையல் வரிசையில் பக்கத்து மெஷினில் இருப்பவரிடமே முறையிடலாம் என்ற நிலை வந்தபோது, அதுவரை வாய்க்குள் இருந்தவை வெளியே வந்தன.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த ஆலையில் ஓர் ஊழியரை உள்விசாரணைக்கு அழைத்தார்கள். உடன் அமரச் சக தொழிலாளி ஒருவரை அவர் அழைத்துவரலாம் என்று விதி இருந்தது. ஒருவரும் முன்வரவில்லை, நானும் போகவில்லை. அவர் தனியாக உள்ளே போய்த் தனியாக வெளியே வந்து, மறுநாளிலிருந்து வரவில்லை. அடுத்த ஆண்டு நாங்கள் சங்கம் தொடங்கியபோது நான் முதல் ஆளாகச் சேர்ந்ததற்குக் காரணம் துணிச்சல் அன்று. அந்த மனிதரின் முகம்.

பெண்கள் இல்லாத சங்கம் என்று தயங்காதீர்கள். கேரளத்தில், கோழிக்கோட்டுக் கடைகளில் நாள் முழுதும் நின்றே வேலை பார்த்த பெண்கள், அமரவும் கழிப்பறை செல்லவும் உரிமை வேண்டும் என்று பி.விஜி என்ற தையல் தொழிலாளியின் தலைமையில் தங்களுக்கெனச் சங்கம் கண்டு போராடினார்கள். 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021-இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கை வழங்குவதைக் கட்டாயமாக்கியது. தியாகராயநகர்த் துணிக்கடையில் இன்று ஒரு பெண் முக்காலியில் அமர்ந்திருப்பதைக் கண்டால், அது கடைக்காரர் மனமிரங்கிப் போட்டுக் கொடுத்தது என்று எண்ணிவிட வேண்டாம்.

எனது பட்டறையில் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். நல்ல சம்பளம் தருகிறேன், தீபாவளிக்கு போனஸ் தருகிறேன். சங்கம் வந்தால் தொழில் கெட்டுவிடும் என்ற அச்சம் தவறா?
(பம்புசெட் உதிரிபாக உற்பத்தியாளர், கோயம்புத்தூர்)

அச்சம் இயல்பானது, கடன் வாங்கி லேத் போட்டவருக்கு அது இருக்கத்தான் செய்யும். தவறான நேரத்தில், தவறான முறையில் நடந்த வேலைநிறுத்தங்களும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் நீங்கள் தருவதாகச் சொன்ன போனஸையே பாருங்கள். 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் 4 விழுக்காட்டைக் குறைந்த அளவாக்கியது, பின்னர் அது 8.33 விழுக்காடாயிற்று. அந்தச் சட்டத்துக்கு முன், போனஸ் முதலாளியின் இனாமா, தொழிலாளியின் உரிமையா என்று பல்லாண்டுகள் வழக்காடிச் சங்கங்கள் நிலைநாட்டியதுதான் நீங்கள் தீபாவளிக்கு முன் எழுதும் காசோலை. உங்களைப் போன்றவர் மனமுவந்து தருவதை, மனமில்லாதவரும் தரவேண்டியிருக்கிறது என்பதே அதன் பயன். அது உங்களுக்கும் நன்மை. ஊதியத்தை அமுக்கி விலையைக் குறைக்கும் போட்டியாளரிடமிருந்து உங்களைக் காக்கிறது.

சங்கத்தோடு போடும் ஊதிய ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு நிலைக்கும். அத்தனை காலம் கூலிச் செலவு என்ன என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பது, ஆர்டருக்கு விலை சொல்பவருக்கு எவ்வளவு வசதி என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பழைய தொழில் தகராறு சட்டத்தின்படி தொழிலாளர் அலுவலர் முன்னிலையில் போடும் ஒப்பந்தத்தை எங்கள் தலைமுறை அதன் பிரிவு எண்ணால் ‘பன்னிரண்டு மூன்று’ என்றே சொல்லும். அது சங்கத்தில் இல்லாதவரையும் பின்னால் வேலைக்குச் சேருபவரையும் கட்டுப்படுத்தும் என்பதால், நிருவாகங்களே அதை விரும்பிக் கேட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பேச மறுப்பதுதான் செலவு மிகுந்தது. 2024-இல் சாம்சங் நிறுவனத்தின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் செப்டம்பர் 9 முதல் 37 நாள்கள் வேலைநிறுத்தம் நடந்தது. கோரிக்கைகளில் ஊதியமும் வேலை நேரமும் இருந்தன; எல்லாவற்றுக்கும் முன்னே நின்றது, நாங்கள் அமைத்த சங்கத்தை ஏற்றுப் பேசுங்கள் என்பது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 சனவரியில் சங்கம் பதிவு பெற்றது. ஒரு மேசையின் இரு பக்கமும் நாற்காலி போடுவதற்கு அத்தனை நாள் தேவைப்பட்டிருக்க வேண்டாம்.

சங்கத் தலைவர்களே நிருவாகத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கண்ணால் கண்டது இது. பிறகு சந்தா எதற்கு?
(தோட்டத் தொழிலாளி, வால்பாறை)

உங்கள் கோபம் நியாயமானது. அதே கோபம் மலைக்கு அப்பால் மூணாற்றில் 2015 செப்டம்பரில் வெடித்தது.

கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். தலைமுறைகளுக்கு முன் மலையேறிப் போனவர்களின் பேத்திகள். அப்போது நாள்கூலி 232 ரூபாய். அதற்கு முன் 20 விழுக்காடாக இருந்த போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட சங்கங்கள் கேட்டுப் பெறத் தவறின. பெண்கள் ஆயிரக்கணக்கில் இறங்கிவந்து மூணாறு நகரின் சாலையில் அமர்ந்தனர். தங்களுக்காகப் பேச வந்த சங்கத் தலைவர்களை விரட்டியடித்தனர். ஆண்கள் ஓரமாக நிற்கட்டும் என்றனர். ஒன்பது நாள் அந்த மலைநகரம் அசையவில்லை. இறுதியில் முதலமைச்சர் தலையிட்ட பேச்சில் 8.33 விழுக்காடு போனஸும் 11.67 விழுக்காடு கருணைத் தொகையுமாக, இழந்த 20 விழுக்காட்டை மீட்டார்கள். அடுத்த மாதமே நாள்கூலி 301 ரூபாயாயிற்று, கேட்டது 500.

இதைச் சங்கம் வேண்டாம் என்பதற்கான சான்றாகச் சிலர் காட்டினார்கள். நான் நேர்மாறாகப் பார்க்கிறேன். சங்கம் எதற்கு வேண்டும் என்பதைத் தலைவர்களைவிடத் தெளிவாக அறிந்திருந்ததால்தான் அந்தப் பெண்கள் எழுந்தார்கள். எழுந்தவுடன் ‘பெம்பிளை ஒருமை’ என்று தங்களுக்கு ஓர் அமைப்பையே கண்டார்கள். அது பின்னாளில் பிளவுபட்டது என்பதும் உண்மை. ஆர்ப்பாட்டம் முடிந்த பின் கணக்கு எழுதுவதும், கூட்டம் கூட்டுவதும், மனத்தாங்கலைப் பேசித் தீர்ப்பதும் எழுச்சியைவிடக் கடினமான வேலை.

உங்கள் தோட்டத்தில் ஆண்டுப் பேரவை கடைசியாக எப்போது நடந்தது, வரவு செலவுக் கணக்கு எங்கே என்று அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். சந்தா கட்டியவருக்குத்தான் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை உண்டு.

செயலி மூலம் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். என்னை வேலைக்காரன் என்றே சொல்ல மாட்டேன் என்கிறார்கள், ‘பார்ட்னர்’ என்கிறார்கள். முதலாளி யாரென்றே தெரியாதபோது யாரிடம் உரிமை கேட்பது?
(டெலிவரி ஊழியர், சென்னை)

இதே கேள்வியைக் கட்டடத் தொழிலாளர்கள் 1979, 1980 வாக்கிலேயே கேட்டார்கள். சித்தாளுக்கு மேஸ்திரி தெரியும், மேஸ்திரிக்கு ஒப்பந்தக்காரர் தெரியும். வீடு கட்டுபவருக்குச் சித்தாளின் பெயரே தெரியாது. நிலையான முதலாளி இல்லையென்றால் தொழிலின் பெயரிலேயே உரிமை கேட்போம் என்று அவர்கள் சங்கமாகத் திரண்டு போராடியதில், 1982-இல் தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. வீட்டு வேலை செய்வோர், ஆட்டோ ஓட்டுவோர் முதலியோருக்கான வாரியங்கள் அந்தத் தடத்தில் வந்தவையே. உங்களைப் போன்ற இணையத்தளம் சார்ந்த தொழிலாளர்களுக்கும் 2023-இல் நலவாரியம் அறிவிக்கப்பட்டு அமைக்கப்பட்டது. பதிவு செய்துகொள்ளாமல் இருந்தால் உடனே செய்யுங்கள்.

நலவாரியம் உதவித்தொகை தரும். ஓர் ஆர்டருக்கு எவ்வளவு, கணக்கை முடக்கினால் யாரிடம் முறையீடு என்பவற்றை அது தீர்த்துவைக்காது. அவற்றுக்கு நீங்கள் கூட்டாகத்தான் பேச வேண்டும். உணவகத்தின் வாசலில் ஆர்டருக்காகக் காத்திருக்கும்போது பக்கத்து வண்டிக்காரரிடம் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அவர் சட்டையின் நிறம் வேறாக இருந்தாலும் பரவாயில்லை.

நாங்கள் சிலர் சேர்ந்து சங்கம் தொடங்க விரும்புகிறோம். எத்தனை பேர் வேண்டும்? முதலில் என்ன செய்ய வேண்டும்?
(மோட்டார் வாகன உதிரிபாக ஆலைத் தொழிலாளர்கள், ஓசூர்)

விண்ணப்பிக்க ஏழு பேர் போதும். ஆனால் பதிவு பெறும்போது ஆலைத் தொழிலாளர்களில் பத்து விழுக்காடு, அல்லது நூறு பேர், இவற்றுள் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும்; ஏழுக்குக் கீழே எந்நிலையிலும் இறங்கக்கூடாது. 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை இப்போது தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் பிடித்திருக்கிறது. மத்திய அரசு அதை 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எண்ணிக்கை விதி மாறவில்லை. மாறியவற்றுள் உங்களுக்கு முக்கியமானவை மூன்று. ஓர் ஆலையில் பல சங்கங்கள் இருந்தால், 51 விழுக்காட்டினரின் ஆதரவு பெற்றதே தனித்துப் பேசும் உரிமை பெறும். எந்த ஆலையாக இருந்தாலும் வேலைநிறுத்தத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். முன்பு இது பொதுப்பயன் சேவைகளுக்கு மட்டுமே இருந்தது. பாதிப்பேர் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமாகவே கொள்ளப்படும். இந்த மாற்றங்கள் தொழிலாளியின் கையைக் கட்டுகின்றன என்பது என் கருத்து. எனினும் சட்டம் இருக்கிறபடி அறிந்துகொண்டுதான் களத்தில் இறங்க வேண்டும்.

முதல் கூட்டத்தை ஆலைக்கு வெளியே, யாராவது ஒருவர் வீட்டு மாடியிலோ கோயில் மண்டபத்திலோ வையுங்கள். பெரம்பூர்க்காரர்கள் பக்திச் சபையில்தான் தொடங்கினார்கள். கைப்பேசியில் குழு அமைப்பதைச் சில வாரம் தள்ளிப்போடுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் வடமாநிலத்திலிருந்து வந்தவர்களையும் முதல் நாளிலேயே அழையுங்கள்; அவர்களுக்குப் புரியும் மொழியில் பேச ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். சங்க விதிமுறைகளை எழுதி, எல்லோருக்கும் வாசித்துக் காட்டி, ஒப்புதல் பெறுங்கள். சந்தாவுக்கு முதல் ரூபாயிலிருந்தே ரசீது கொடுங்கள். கூட்டம் நடந்த நாள், நேரம், தலைமை வகித்தவர், எடுத்த முடிவு ஆகியவற்றைத் தீர்மானப் புத்தகத்தில் மையால் எழுதுங்கள். பிறகு விண்ணப்பத்தின் அடியில் கையெழுத்திடும் ஏழு பேரைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ஆலையில் பெண்கள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்த ஏழில் இரண்டு கையெழுத்தாவது அவர்களுடையதாக இருக்கட்டும்.